தீபாவளி மத்தியானத்துப் படம்

எங்கள் உறவில் ஒரு தம்பி இருக்கிறார், வயது இருபத்தாறு. சென்ற தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவர், பெரியவர்கள் ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து "அந்தக் காலத்தில் தீபாவளிக்கு டிவியில் படம் போடுவார்களே" என்று உருகிக்கொண்டிருந்ததைப் பொறுமையாகக் கேட்டார். மறுநாள் எனக்கு மூன்று கேள்விகளை எழுதி அனுப்பினார். அப்போது அப்படி என்னதான் காட்டினார்கள்? அது உண்மையிலேயே நன்றாக இருந்ததா, அல்லது வயதானால் எல்லாருக்கும் வருகிற மயக்கமா? இப்போது எந்தப் படத்தையும் எந்த நேரத்திலும் கைப்பேசியில் பார்க்கலாம் என்றிருக்கும்போது, அந்தச் சுவை மட்டும் வரவில்லை என்கிறீர்களே, ஏன்?

என்னிடம் ஏன் கேட்டார் என்றால், நான் இங்கே சிங்கப்பூரில் முப்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகத் தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்த்தவன். படம் பார்த்ததைவிடப் பெட்டியின் முதுகைப் பார்த்ததே அதிகம். முதுகைப் பார்த்தவனுக்கும் சில செய்திகள் தெரியும்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் சுலபம். இல்லை தம்பி, பெரும்பாலும் அவ்வளவு நன்றாக இல்லை. படம் என்றால் எப்போதோ திரையரங்குக்கு வந்து போன பழைய படம். சிறப்பு நிகழ்ச்சி என்றால் அட்டையில் வெட்டிய குத்துவிளக்குக்கு முன்னால் நாலு பேர் ஆடுவார்கள், பட்டுச்சேலை கட்டிய ஒருவர் வாழ்த்துச் சொல்வார். நாடகத்தில் மாமியார் சுட்ட முறுக்கு கல்லாக இருக்கும், மருமகன் பல் உடைந்தது போல் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார். இன்று அதைப் போட்டுக்காட்டினால் நீங்கள் ஐந்து நிமிடம் தாங்க மாட்டீர்கள். நானும் தாங்க மாட்டேன்.

ஆனாலும் நாங்கள் உருகுவது நடிப்பில்லை. ஆண்டு முழுவதும் ஓரமாக வந்து ஓரமாகப் போகிற நம் மொழி, அந்த ஒரு நாள் மட்டும் பட்டப்பகலில் கூடத்தின் நடுவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொள்ளும். நாங்கள் ஏங்குவது அதற்கு. இது விளங்க வேண்டுமானால், அப்போது தமிழுக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பது முதலில் தெரிய வேண்டும்.

சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. விக்டோரியா நினைவு மண்டபத்தில் விழா. தொடங்கிவைத்தவர் அன்றைய கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்னம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருவர் இந்த ஊருக்கு டிவி திறந்துவைத்தார் என்பதில் என் அப்பாவுக்குக் கடைசிவரை ஒரு தனிப் பெருமை. முதல் நாள் ஒளிபரப்பு மொத்தமே 1 மணி 40 நிமிடம்தான். அப்போது ஒளிவழி 5, அதாவது ஐந்தாம் சேனல், ஒன்றுதான். அதே ஆண்டு நவம்பரில் ஒளிவழி 8 சேர்ந்தது. மலாயும் ஆங்கிலமும் ஐந்தில், சீனமும் தமிழும் எட்டில். மூன்றாவதாக ஒளிவழி 12 வந்தது 1984-ல்தான். நடுவில் இருபது ஆண்டு, நான்கு மொழிக்கும் இரண்டே ஒளிவழிகள். மக்கள்தொகையில் நாம் ஏறக்குறைய 6 விழுக்காடு. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். செய்தி, வாரத்தில் சில நிகழ்ச்சிகள், எப்போதாவது ஒரு படம். அதற்காக யாரையும் நான் குறை சொல்ல வரவில்லை. ஒரே பானைச் சோற்றை நான்கு பேர் பங்குபோட்டால் கடைசித் தட்டில் எவ்வளவு விழுமோ அவ்வளவு விழுந்தது.

அப்பா முதலில் பார்த்தது சமூக மன்றத்தில். வீட்டில் பெட்டி வாங்க வசதி இல்லாதவர்களுக்காக அங்கே பெட்டி வைத்திருந்தார்கள். உயரமான மரத்தாங்கியின்மேல், கதவும் பூட்டும் உள்ள கூண்டுக்குள் இருக்குமாம். அங்கே பொறுப்பாக இருந்தவர் சாவியோடு வருவதை ஐயர் கருவறை திறக்க வருவது போல் பார்த்துக்கொண்டிருப்போம் என்று அப்பா சொல்வார். முன்வரிசையில் பிள்ளைகள் தரையில், பின்னால் முக்காலிகள், அதற்கும் பின்னால் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பவர்கள். தமிழ் நிகழ்ச்சி முடிந்ததும் முன்வரிசை மாறும். யாரும் சொல்லாமலே நம் ஆட்கள் எழுந்து பின்னால் போவார்கள், சீனப் பிள்ளைகள் முன்னால் வருவார்கள்.

இதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1968-ல் பொது விடுமுறைகளைக் குறைத்தபோது தைப்பூசம் பட்டியலிலிருந்து போயிற்று. பொங்கலுக்கு விடுமுறை எப்போதுமே இல்லை. ஆக, இந்துக்களுக்கென்று நாடே கடையடைக்கும் நாள் தீபாவளி ஒன்றுதான். அடுத்தது, 1972-ல் பட்டாசுக்கு முழுத் தடை வந்தது. தமிழ்நாட்டுக்காரருக்கு தீபாவளி என்றால் காது அடைக்கும் வெடிச்சத்தம். இங்கே பிறந்த எங்களுக்குத் தீபாவளியின் சத்தம் என்ன? அண்டை வீடுகள் எல்லாம் வழக்கம்போல் இருக்கும். மத்தாப்பு சீறும், அது ஒரு சத்தமா? எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் ஒவ்வொரு தளத்திலும் ஒன்றோ இரண்டோ தமிழ் வீடுகள். மத்தியானம் படம் தொடங்கியதும், திறந்து கிடக்கும் அந்தக் கதவுகளிலிருந்தெல்லாம் ஒரே வசனம் ஒரே நேரத்தில் வெளியே வரும். நடைபாதையில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தால் ஒரு வரிகூட விடாமல் படத்தைக் கேட்டுக்கொண்டே போகலாம். எங்கள் பட்டாசு அதுதான்.

இனி அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். தோ பாயோ குடியிருப்பு வட்டாரத்தில் மூவறை வீடு, 1981 என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பதினொரு வயது.

விடியற்காலை எண்ணெய்க் குளியல், புதுச்சட்டை, கோயில், இட்லியும் ஆட்டுக்கறியும். இவை எல்லாருக்கும் தெரிந்தவை, தாண்டிப் போகலாம். பதினொரு மணிக்கு மேல் என் கண் கூடத்து மூலையில் போய் நிற்கும். பெட்டிமேல் அம்மா பின்னிய துணி விரித்திருக்கும். அதன்மேல் பிளாஸ்டிக் பூஜாடி, ஒரு பழனி முருகன் படம், இரண்டு கொம்பு வைத்த ஆன்டெனா. அன்றைக்கு மட்டும் பூஜாடியில் உண்மையான மல்லிகைச் சரம் சுற்றியிருக்கும். நிகழ்ச்சி தொடங்கும் நேரம் செய்தித்தாளில் அச்சாகியிருக்கும், அப்பா அந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருப்பார். ஆனாலும் அரைமணி முன்பே பெட்டியைப் போட்டுவிடுவேன். எங்களுடையது பழைய பெட்டி. குமிழைத் திருகினால் முதலில் ஓர் இரைச்சல், பிறகு சத்தம், அதற்கும் பிறகுதான் இருட்டிலிருந்து எழுந்து வருவது போல் மெல்ல மெல்லப் படம். உள்ளே இருக்கும் வால்வுகள் சூடேற வேண்டும். தூசி சூடாகும் ஒரு வாடை பின்பக்கத்திலிருந்து வரும். அந்த வாடையும் அடுப்படியிலிருந்து வரும் நெய் வாசமும் கலந்த ஒன்று இருக்கிறதே, அதற்கு இன்றுவரை எனக்குப் பெயர் கிடைக்கவில்லை.

ஒளிபரப்பு தொடங்கும் முன் வட்டமும் கட்டங்களும் கொண்ட சோதனைப் படம் அசையாமல் நிற்கும். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சிரிக்காதீர்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் அது சீக்கிரம் போகும் என்று ஒரு நம்பிக்கை. பிறகு நாட்டுப்பண், 'மாஜுலா சிங்கப்பூரா'. என் அக்காள் எழுந்து நேராக நிற்பாள். பள்ளியில் மாணவத் தலைவி, வீட்டிலும் பதவி.

படம் ஓடும்போது நடுவில் படச்சட்டம் கீழிருந்து மேலே உருள ஆரம்பிக்கும். எங்கள் பெட்டிக்கு அது வழக்கம். முதுகில் ஒரு சிறு குமிழ் உண்டு, அதை மயிரிழை திருப்பினால் நிற்கும், கூடத் திருப்பிவிட்டால் எதிர்த்திசையில் உருளும். திருப்புகிறவன் பின்னால் நிற்பதால் அவனுக்குப் படம் தெரியாது. முன்னால் இருப்பவர்கள்தான் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும், ஐயோ போய்விட்டது" என்று வழிகாட்ட வேண்டும். அந்த வேலை என்னுடையது. கதாநாயகன் தாயைக் கண்டுபிடிக்கும் காட்சியைப் பின்பக்கத்திலிருந்தே முழுவதும் 'கேட்ட' ஆண்டும் உண்டு. பின்னாளில் இந்தத் தொழிலுக்குப் போனதற்குக் காரணம் என்ன என்று கேட்பவர்களிடம் ஏதேதோ சொல்லியிருக்கிறேன். உண்மையான காரணம் அந்தக் குமிழ்தான் என்று நினைக்கிறேன்.

விளம்பர இடைவேளை வந்தால் வீடு முழுவதும் ஓடும். ஒருவர் கழிவறைக்கு, ஒருவர் தண்ணீருக்கு, ஒருவர் முறுக்கு டின்னுக்கு. மேல்வீட்டிலும் அதே நேரத்தில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்கும். அவர்களும் தமிழர்கள். குழாய்களில் தண்ணீர் ஒரே நேரத்தில் இறங்கும். படத்தை நிறுத்திவைக்கவோ பின்னால் ஓட்டவோ முடியாது. ஒரு காட்சி போனால் போனதுதான், அடுத்து எப்போது போடுவார்களோ. அதனால் நாங்கள் பார்த்த பார்வை வேறு. இன்று நான் படம் பார்க்கும்போது பாதி மனம் வேறெங்கோ இருக்கிறது, வேண்டுமானால் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம். ஒருமுறைகூடத் திரும்பப் பார்த்ததில்லை.

தொழில்காரன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அக்காலத்துப் படங்களில் ஒவ்வோர் ஆளுக்கும் வலப்பக்கம் ஒரு மங்கலான நிழல் ஒட்டிக்கொண்டு நிற்கும். எம்.ஜி.ஆர் ஒருவர் நடந்தால் இரண்டு பேர் நடப்பார்கள். பெட்டியில் பழுது என்று பலர் எங்களிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெட்டியில் ஒரு குறையும் இருக்காது. புக்கிட் பாத்தோக் கோபுரத்திலிருந்து வரும் அலை நேராக ஒருமுறை ஆன்டெனாவைத் தொடும், எதிரே இருக்கும் உயரமான புளோக்கில் மோதித் திரும்பி இன்னொருமுறை தொடும். சுற்றி வந்த அலை 300 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்திருந்தால் ஒரு மைக்ரோ விநாடி பிந்தும். 20 அங்குலப் பெட்டியில் அந்த ஒரு மைக்ரோ விநாடி ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் தள்ளி விழும். அந்த நிழலை அளந்தால் எதிர்ப்புளோக் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம், நான் சொல்லியும் இருக்கிறேன். நகரில் புதிய புளோக்குகள் எழும்ப எழும்ப எங்கள் கதாநாயகர்களுக்கு நிழல்களும் கூடின. நாடு வளர்ந்ததை நான் அப்படித்தான் பார்த்தேன்.

இன்னொரு பொக்கிஷம் கடலுக்கு அந்தப்பக்கம் இருந்தது. மலேசியாவிலும் தீபாவளி பொது விடுமுறை. ஜோகூர்ப் பக்கத்து அலைகளுக்கு எல்லைச் சோதனை கிடையாது, ஆன்டெனாவைச் சரியாகத் திருப்பினால் அங்கே போடும் படமும் இங்கே வரும். ஆனால் உள்ளூர் ஒளிவழிக்குப் பொருந்தும் கோணம் அதற்குப் பொருந்தாது. சித்தப்பா ஒரு வேலை செய்தார். துணி காயப்போடும் மூங்கில் கழியில் ஓர் ஆன்டெனாவைக் கட்டி, அடுப்படிச் சன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டார். காற்று அடித்தால் படம் ஆடும். ஒரு தீபாவளி மாலை, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் கீழ்வீட்டு மலாய் அம்மா மேலே வந்து, "உங்கள் வீட்டில் வேட்டிக்குப் பதிலாகக் கம்பி காய்கிறதே" என்றார். வந்தவர் படம் முடியும்வரை போகவில்லை. மலாய்க்காரர் வீடுகளில் தமிழ்ப் படங்களுக்கு எப்போதுமே நல்ல மதிப்பு. பாட்டு வந்தால் வார்த்தை தெரியாமலே மெட்டைத் தொடர்ந்து முணுமுணுப்பார், அழ வேண்டிய இடத்தில் எங்களுக்கு முன்பே அழுதுவிடுவார்.

எதிர்வீட்டுச் சீனப் பாட்டி ஆ மா பற்றியும் சொல்ல வேண்டும். கான்டனீஸ் மட்டும் பேசுபவர். ஹாங்காங் தொடர் நாடகங்கள் அவருடைய உயிர். 1979-ல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியபின், அந்த நாடகங்கள் சில ஆண்டுகளில் மாண்டரினுக்கு மாறிவிட்டன. அதே முகங்கள், அதே உதடுகள், வேறு குரல்கள். பாவம், பழகியவர்கள் எல்லாரும் திடீரென்று வேறு மொழி பேசினால் எப்படி இருக்கும்? தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து முழுப் படமும் பார்ப்பார். புரிகிறதா என்று அம்மா பாசார் மலாயில், அதாவது சந்தையில் எல்லாரும் பேசும் மலாயில், கேட்டதற்கு, "அங்கேயும் எனக்குப் புரியவில்லை, இங்கேயும் புரியவில்லை. இங்கே பாட்டாவது இருக்கிறது, அதிரசமும் கிடைக்கிறது" என்றார். சீனப் புத்தாண்டுக்கு நாங்கள் அவர் வீட்டில் ஆரஞ்சுப் பழத்தோடு உட்கார்ந்து அவர்களுடைய சிறப்பு நிகழ்ச்சிகளைப் பார்த்தோம். நோன்புப் பெருநாளுக்கு மக்சிக் வீட்டில். கிறிஸ்துமஸ் நேரத்தில் எல்லார் வீட்டிலும் ஒரே ஆங்கிலப் படம், நாங்கள் யாரும் பார்த்திராத பனி. யாருடைய பண்டிகை என்று பார்த்து மொழி மாறும், பார்க்கும் கூட்டம் மட்டும் மாறாது. இதை நல்லிணக்கம் என்று பெரிய பெயரிட்டு அழைக்க எனக்குத் தயக்கம். இரண்டே ஒளிவழி இருந்தால் வேறு என்னதான் பார்ப்பது?

முதல் கேள்விக்கு இதுவரை சொன்னதே போதும். மூன்றாவதற்கு வருவதற்குள் பட்டறைக் கதை ஒன்று.

1990-களின் தொடக்கம். அப்போது சித்தப்பாவின் பட்டறையில் இருந்தேன். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரமும் சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரண்டு வாரமும் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. ஆண்டு முழுவதும் கோடு விழுந்த பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்கூடப் பண்டிகைக்குள் சரியாக வேண்டும் என்று வந்துவிடுவார்கள். ஒரு தீபாவளிக்கு முதல் நாள், பொழுது சாயும் நேரம், ஒரு பெரியவர் 14 அங்குலப் பெட்டியைச் சாரத்தில் மூட்டையாகக் கட்டித் தோளில் சுமந்து வந்தார். மனைவி படுக்கையில் இருக்கிறாராம், வெளியே எங்கும் போக முடியாது. "நாளைக்குப் படம் போடுவார்கள் தம்பி" என்றார், அவ்வளவுதான். திறந்து பார்த்தால் உயரழுத்த மின்மாற்றி போய்விட்டது. பிளாஸ்டிக் வெடித்து, மேலே கறுப்பாகத் துளை. அந்த மாடலுக்கு எங்களிடம் உதிரி இல்லை. மின்னணு உதிரிகள் விற்கும் சிம் லிம் டவரில் கடைகள் மூடும் நேரம். சித்தப்பா ஒன்றும் பேசாமல் போய், சுங்கை ரோடு பழஞ்சந்தையில் எப்போதோ வாங்கிப் போட்டிருந்த ஒரு செத்த பெட்டியை இழுத்து வந்தார். படக்குழாயின் உச்சியில் ஒட்டியிருக்கும் ரப்பர் மூடிக்கு அடியில், பெட்டியை அணைத்த பிறகும் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கும். அதை ஒரு கம்பியால் தரைக்கு இறக்கினார், 'டப்' என்று ஒரு நீலப் பொறி. "இது நம் தீபாவளி வெடி" என்றார். இரவு பத்தரைக்கு வேலை முடிந்தது. பெரியவர் அதுவரை ஐந்தடியில், கடைமுன் நடைபாதையில், குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கூலி எவ்வளவு என்று கேட்டார். சித்தப்பா பத்து வெள்ளி என்றார். அந்த வேலைக்கு அன்றைய விலை அதைப்போல் நான்கு மடங்கு. பெரியவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு படத்துக்காக ஒரு மனிதர் பெட்டியைத் தோளில் சுமக்கிறார் என்றால், அவர் சுமந்தது படத்தையா? நாளை மத்தியானம் ஊரில் உள்ள தமிழர் எல்லாரும் எதைப் பார்ப்பார்களோ அதைத் தன் மனைவியும் பார்க்க வேண்டும். படுக்கையில் கிடப்பவர் அந்த இரண்டரை மணி நேரம் ஊரோடு இருப்பார். கைப்பேசியில் இதுதான் கிடைப்பதில்லை. நீங்கள் பார்க்கும் அதே நொடியில் அடுத்த வீட்டிலும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற அறிவு, பார்வைக்கு ஒரு கனத்தைத் தந்தது. மறுநாள் பள்ளியில் பேச்சே அதுதான். பார்க்காதவனுக்கு அன்று நண்பர்கள் கிடையாது.

ஆனால் எல்லாப் பழியையும் கைப்பேசிமேல் போடுவது சரியில்லை. முதல் வெட்டு விழுந்தது வீடியோ கேசட்டில். 1980-களின் நடுவில் சிராங்கூன் சாலைப் பக்கத்தில் கேசட் வாடகைக்கு விடும் கடைகள் முளைத்தன. புதுப்படத்தை இரவல் எடுத்து வந்து சனிக்கிழமை பார்த்துவிட்டால், தீபாவளிக்கு டிவியில் வரும் பழைய படத்துக்கு என்ன மரியாதை? என் மாமா ஒருவர் முதலில் வீடியோ வாங்கியபோது நாங்கள் எல்லாரும் அவர் வீட்டில் குடியிருந்தோம். அந்த ஆண்டு ஆ மா வந்து எங்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாராம். அதைப் பிறகு கேட்டபோது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

1990-களின் நடுவில் தமிழ் நிகழ்ச்சிகள் பிரைம் 12-க்கு வந்தன, ஒளிவழி 12-இன் புதுப்பெயர் அது. 2000 ஜனவரியில் வசந்தம் சென்ட்ரல் தொடங்கியது, அங்கேயும் சிறுவர் நிகழ்ச்சிகளோடும் கலை நிகழ்ச்சிகளோடும் பங்குதான். முழுக்க நமக்கென்று ஓர் ஒளிவழி, வசந்தம், 2008 அக்டோபர் 19 அன்று பிறந்தது. தீபாவளிக்குச் சரியாக எட்டு நாள் முன்பு. முதல் ஒளிபரப்பிலிருந்து அதற்கு 45 ஆண்டுகள் ஆயின. அன்று நான் பட்டறையில் ஏழெட்டுப் பெட்டிகளை வரிசையாக வைத்து எல்லாவற்றிலும் வசந்தத்தைப் போட்டேன், என்னையறியாமல். அதே நேரத்தில் கேபிளில் சென்னைத் தொலைக்காட்சிகள் 24 மணி நேரமும் ஓடிக்கொண்டிருந்தன. நாங்கள் சின்ன வயதில் கனவு கண்டது கைக்கு வந்தபோது, காத்திருக்கும் பழக்கம் எங்களை விட்டுப் போயிருந்தது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. அதற்குப் பத்தாண்டு முன்பு 3.3. ஒளிவழி முழுதாக வந்துவிட்டது, வீட்டில் பேச்சு குறைகிறது. இரண்டுக்கும் முடிச்சுப் போட நான் ஆளில்லை. ஆனால் என் பேரப்பிள்ளைகள் தீபாவளியன்று வசந்தம் ஓடும் கூடத்திலேயே உட்கார்ந்து ஆளுக்கொரு திரையில் ஆங்கிலத்தில் எதையோ பார்க்கிறார்கள் என்பதை மறைக்கவும் விரும்பவில்லை.

மயக்கமா என்று கேட்டீர்களே, அதில் பாதி உண்மை. பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகமாக நினைவுக்கு வரும் என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆக, நீங்களும் ஐம்பது வயதில் இன்றைய ஏதோ ஒன்றை நினைத்து உருகுவீர்கள், அன்று உங்கள் மருமகன் ஒருவர் உங்களைக் கேள்வி கேட்பார். ஆனால் இந்த மயக்கம் எல்லாருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. இதை எனக்கு உணர்த்தியது என் அக்காள், அதே மாணவத் தலைவி. போன ஆண்டு நான் இதேபோல் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தபோது குறுக்கிட்டாள். "உனக்குப் படம் ஞாபகம் இருக்கிறது. எனக்குத் தட்டு கழுவியது ஞாபகம் இருக்கிறது. நீ எந்தத் தீபாவளிக்காவது ஒரு தம்ளரையாவது கழுவியிருக்கிறாயா?" நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் சொன்னது சரி. தீபாவளி மத்தியானம் எங்கள் வீட்டில் ஆள் வந்துகொண்டே இருக்கும். அப்பாவோடு துறைமுகத்தில் வேலை செய்தவர்கள், பக்கத்து வீட்டார், பள்ளித் தோழர்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் சூடாக வடை வேண்டும், பிரியாணி வேண்டும். அம்மா காலை நாலு மணிக்கு அடுப்படியில் நுழைந்தால் இரவு விளக்கேற்றத்தான் கூடத்துக்கு வருவார். எங்கள் ஏக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் கணக்குதான் இருக்கிறது. நின்றுகொண்டிருந்தவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

அதனால் சென்ற தீபாவளி முடிந்த மறுவாரம், நீங்கள் கேள்வி அனுப்பிய பிறகுதான், ஒன்று செய்தேன். 1981-ல் நான் பாதியைப் பெட்டிக்குப் பின்னால் நின்று கேட்ட அந்தப் படத்தைத் தேடினேன். முழுவதுமாகக் கிடைத்தது, தெளிவாக, நிழல் இல்லாமல். அம்மாவுக்கு இப்போது எண்பத்து மூன்று. பெரிய திரைக்கு முன்னால் உட்கார வைத்து, "அன்றைக்குப் பார்க்காமல் போனதை இன்று பாருங்கள்" என்றேன். எழுத்துகள் ஓடும்போதே முதல் பாட்டை முணுமுணுத்தார். படம் தொடங்கியதும், ஒவ்வொரு வசனத்தையும் அவர்கள் சொல்வதற்கு அரை நொடி முன்பே சொன்னார். ஆனால் கதாநாயகி திரையில் வந்தபோது நெற்றியைச் சுருக்கி, "இவளா அவள்? நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன்" என்றார். குரல் எல்லாம் தெரியும், ஒரு முகமும் தெரியாது.

பத்து நிமிடம் பார்த்திருப்பார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கழிவறைக்குப் போகிறார் என்று நினைத்தேன். அடுப்படியில் ஏதோ பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வை" என்றார் உள்ளேயிருந்து.